வேகம், கீ, பாவம்: மொஸார்ட்டின் கிளாரினெட் குவின்டெட் பதிவை வைத்து ஒரு பயிற்சி

மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சிம்பொனியில்தான் தொடங்குகிறார்கள். பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்தில் எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்பது ஆரம்பத்தில் கடினம். நான்கைந்து பேர் மட்டும் வாசிக்கும் சேம்பர் இசையில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஆள், கோல் பிடித்து நடத்துபவர் கிடையாது. வேகம் மாறினால் அந்த ஐவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து மாற்றியது. அதனால் அது காதுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது. என்ன வேகம்? எந்தக் கீ, அதாவது எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்த ஸ்வர வரிசை? என்ன பாவம், அதாவது என்ன உணர்ச்சி? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். பலரும் மூன்றாவது கேள்வியில் ஆரம்பித்து, "சோகமாக இருக்கிறது", "இதமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதல் இரண்டையும் காதால் பிடிக்கப் பழகிவிட்டால், பாவம் எந்த நொடியில், எதனால் பிறந்தது என்றே உங்களால் சுட்டிக்காட்ட முடியும்.

படைப்பு: வொல்ஃப்காங் அமடேயுஸ் மொஸார்ட்டின் கிளாரினெட் குவின்டெட். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைபேசி, ஒரு சுருதிப்பெட்டிச் செயலி, பென்சில், தாள் போதும்.

தலைப்பு வரியைப் படியுங்கள்

தேடினால் கிடைக்கும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கிளாரினெட் குவின்டெட், ஏ மேஜர், கே. 581". குவின்டெட் என்றால் ஐந்து பேர். அதற்காக ஐந்து கிளாரினெட் என்று எண்ண வேண்டாம். ஒரு கிளாரினெட், இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட செல்லோ ஒன்று. "ஏ மேஜர்" என்பது கீ. கே. 581 என்பது லுட்விக் ஃபான் கோஷல் 1862-இல் வெளியிட்ட மொஸார்ட் படைப்புப் பட்டியலில் இதற்குரிய எண். தேடும்போது இந்த எண்ணையும் சேர்த்துத் தட்டுங்கள், வேறு படைப்பு வந்து நிற்காது.

அதற்குக் கீழே நான்கு பகுதிகளின் பெயர்கள் இருக்கும்: அலெக்ரோ, லார்கெட்டோ, மெனுவெட்டோ, அலெக்ரெட்டோ. மெனுவெட்டோ ஒரு நடனத்தின் பெயர். மற்ற மூன்றும் வேகக் குறிப்புகள். அலெக்ரோ விறுவிறுப்பான நடை. லார்கெட்டோ நிதானமானது. அலெக்ரெட்டோ அலெக்ரோவைவிடக் கொஞ்சம் தளர்ந்தது. இவற்றுக்குப் பக்கத்தில் எண் எதுவும் இருக்காது. தட்டின் வேகத்தை எண்ணால் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மேல்ட்செல் காப்புரிமை வாங்கியது 1815-இல். மொஸார்ட் இறந்தது 1791-இல். ஆகவே நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று அவர் எழுதி வைத்திருக்க வழியே இல்லை, ஒவ்வொரு குழுவும் தன் முடிவாக ஒரு வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது. நீங்கள் கேட்கப்போவது மொஸார்ட்டின் வேகத்தை அல்ல, அந்தப் பதிவின் வேகத்தை.

தலைப்பில் ஒரு பொறியும் உண்டு. "ஏ மேஜர்" என்று போட்டிருப்பதால் முப்பது நிமிடமும் ஏ மேஜரில்தான் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் பகுதி முழுவதும் வேறொரு கீயில் இருக்கிறது. முதல் பகுதிக்குள்ளேயே கீ பலமுறை நகர்கிறது. தலைப்பில் இருப்பது கிளம்பும் இடமும் வந்து சேரும் இடமும் மட்டும்தான்.

பதிவைத் தேர்ந்தெடுப்பது

மொஸார்ட் இதை வியன்னாவில் 1789 செப்டம்பர் 29-இல் எழுதி முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22-இல் முதன்முதலாக அரங்கேறியது. எழுதியது நண்பர் அன்டோன் ஷ்டாட்லருக்காக. ஷ்டாட்லரிடம் வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே இன்னும் சில ஸ்வரங்கள் இறங்கக்கூடிய கருவி இருந்தது. இன்று அதை பாசெட் கிளாரினெட் என்கிறார்கள். மொஸார்ட் கைப்பட எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. பிறகு அச்சில் வந்தது சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்ற வடிவம். அதனால் இரண்டு வகைப் பதிவுகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை சாதாரண கிளாரினெட்டில். சிலர் கீழ் ஸ்வரங்களை மீட்டெடுத்து பாசெட் கிளாரினெட்டில் வாசிக்கிறார்கள். கேப்ரியேலி குவார்ட்டெட் என்ற நால்வர் தந்திக் குழுவோடு கிளாரினெட் கலைஞர் தியா கிங் வாசித்த பதிவு இந்த வகை.

முதல் முறைக்கு, இன்றைய கருவிகளில் வாசித்த எந்த நல்ல பதிவும் சரிதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழங்காலக் கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்ளும். இன்றைய வழக்கில் ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. மொஸார்ட் காலத்து இசைக்குப் பழங்காலக் கருவிக் குழுக்கள் 430 வைப்பது வழக்கம். இது கிட்டத்தட்ட கால் ஸ்வர வித்தியாசம். கீழே சொல்லப்போகும் சுருதிப்பெட்டிப் பயிற்சியில் இது உங்களைக் குழப்பிவிடும். அப்படிப்பட்ட பதிவுதான் கையில் இருக்கிறது என்றால், செயலியில் சுருதியை நுணுக்கமாக இறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பழைய பதிவுகள் பிடிக்கும் என்றால் பென்னி குட்மன் புடாபெஸ்ட் குவார்ட்டெட்டோடு 1938-இல் செய்த பதிவு இருக்கிறது. ஜாஸ் உலகின் பெரிய நட்சத்திரம் மொஸார்ட்டை எவ்வளவு அடக்கமாக வாசிக்கிறார் என்று கேட்கலாம். ஆனால் 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகளை வைத்துக் கீயை அளக்கத் தொடங்காதீர்கள். இசைத்தட்டு ஓடிய வேகம் கொஞ்சம் மாறியிருந்தாலும் காலப்பிரமாணமும் சுருதியும் சேர்ந்தே மாறிவிடும். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்.

முதல் தடவை

எதையும் குறிக்காமல் முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களோ அந்த நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வேகத்தை விரலால் பிடிப்பது

இரண்டாம் தடவை முதல் பகுதியை மட்டும் போடுங்கள். தாளம் போடுவது போல விரலால் மேசையில் தட்டுங்கள். கால் தானாக எந்த இடைவெளியில் ஆடுகிறதோ அதுதான் அடிப்படைத் தட்டு. 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அலெக்ரோவில் பெரும்பாலான பதிவுகள் நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி வரும். சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் வாசிப்பார்கள். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் எண்ணுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. அது தவறு இல்லை. ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் சற்றுத் தளர்ந்து, அடுத்ததில் மறுபடி நிமிர்வது இந்த இசையின் மூச்சு. எண்ணைவிட இந்தத் தளர்வு எங்கே வருகிறது என்று குறித்து வைப்பதுதான் பிறகு பயன்படும்.

லார்கெட்டோவுக்கு 15 நொடி போதாது. தட்டுகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மும்மூன்றாகப் போகும், எண்ணிக்கை 40-ஐச் சுற்றி இருக்கும். இவ்வளவு மெதுவாகத் தட்டும்போது கை தடுமாறினால், வயலின்கள் உள்ளே ஓடவிடும் சிறு ஸ்வரங்களை எண்ணிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதியில் ஒரு சிக்கல் வரும். நீங்கள் 140 என்று எண்ணியிருப்பீர்கள், உடன் கேட்டவர் 70 என்பார். இருவரும் சரி. ஒருவர் பெரிய தட்டை எண்ணினார், மற்றவர் அதைப் பாதியாக்கி எண்ணினார். கீழ்க்காலம், மேல்காலம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. வேகத்தைத் தானாகக் கணக்கிடும் செயலிகள் அடிக்கடி வழுக்கி விழுவதும் இதே இடத்தில்தான். சரியான அளவைச் சரியாக இரண்டால் பெருக்கியோ வகுத்தோ காட்டிவிடும். செயலி எண்ணை அப்படியே தாளில் ஏற்றாமல் ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. பதிவின் மொத்த நேரத்தைப் பார்த்து "இந்தக் குழு வேகம், அந்தக் குழு மெதுவு" என்று முடிவு கட்டக்கூடாது. முதல் பகுதியின் முற்பாதியைத் திரும்ப வாசிக்கும்படி மொஸார்ட் குறித்திருக்கிறார். திரும்ப வாசித்தால் பகுதி சுமார் ஒன்பது நிமிடம் வரும். அதை விட்டுவிட்டால் ஆறரை நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டு எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

கீயைச் சுருதிப்பெட்டியால் பிடிப்பது

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இது. இங்கே அவசரப்பட வேண்டாம்.

கீ என்பதில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது: எந்த ஸ்வரம் ஆதாரம், அதன் மேல் எந்த ஸ்வர வரிசை. ஏ மேஜர் என்றால் ஏ ஸ்வரம் ஸட்ஜம், அதன் மேல் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஸ்வரங்களை மட்டும்தான் சொல்கிறேன், ராகத்தை அல்ல. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகமோ, ராகத்துக்கே உரிய பிரயோகமோ இங்கே கிடையாது. ஏ மைனர் என்றால் அதே ஸட்ஜம், ஆனால் அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வரும். காந்தாரம் ஒரு படி இறங்குவதுதான் காது முதலில் பிடிக்கும் அடையாளம். தைவதமும் நிஷாதமும் இடத்துக்குத் தகுந்தபடி மாறும்.

நம் கச்சேரியில் பாடகர் உட்காரும்போது வைத்த சுருதி மங்களம் வரை மாறாது. இங்கே ஸட்ஜமே இடம் பெயரும். நமக்குப் பழக்கமில்லாத விஷயம் இது ஒன்றுதான். இதைப் பிடித்துவிட்டால் மேற்கத்திய செவ்வியல் இசையின் பாதிக் கதவு திறந்துவிடும்.

சுருதிப்பெட்டிச் செயலியை 6 கட்டையில் வையுங்கள். அதுதான் ஏ. பஞ்சமத்தை அணைத்துவிட்டு ஸட்ஜத்தை மட்டும் மெல்ல ஒலிக்கவிடுங்கள். இப்போது முதல் பகுதியை ஆரம்பத்திலிருந்து போடுங்கள். நான்கு தந்திக் கருவிகள் அமைதியாக ஒரு வாக்கியம் சொல்லும். கிளாரினெட் கீழிருந்து மேலே ஏறி, அப்படியே இறங்கிப் பதில் சொல்லும். சுருதி இதனோடு ஒட்டி நிற்கும். எல்லாம் வீட்டில் இருக்கிறது.

ஒரு நிமிடம் போகட்டும். ஒட்டிய சுருதி மெல்ல உறுத்த ஆரம்பிக்கும். சுத்த மத்யமம் இருந்த இடத்தில் அதைவிட ஒரு படி உயர்ந்த பிரதி மத்யமம் எட்டிப் பார்க்கும். கல்யாணி கேட்டுப் பழகிய காது இதைச் சட்டென்று பிடிக்கும். ஏ-யிலிருந்து கல்யாணியின் ஸ்வரங்கள், ஆனால் இசை போய் நிற்கும் இடம் பஞ்சமம். கல்யாணியில் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் சங்கராபரணம் வரும் அல்லவா? அதேதான் நடந்திருக்கிறது. இசை ஈ மேஜருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. செயலியை 3 கட்டைக்கு மாற்றுங்கள். உறுத்தல் நின்றுவிடும்.

சுமார் ஒன்றரை நிமிடத்தில், பதிவைப் பொறுத்து முன்பின்னாக, செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டும். அதன் மேல் முதல் வயலின் ஒரு புதிய மெட்டை ஈ மேஜரில் பாடும். இதமான, வெளிச்சமான மெட்டு. அது முடிந்ததும் அதே மெட்டைக் கிளாரினெட் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈ மைனரில். சுருதி மாறவில்லை, 3 கட்டை அப்படியே பொருந்துகிறது. காந்தாரம் மட்டும் இறங்கிவிட்டது. கூடவே கீழே மற்ற கருவிகள் தட்டின் மேல் விழாமல் தட்டுக்கு நடுவே விழத் தொடங்குகின்றன. உங்கள் விரல் தட்டுகிற வேகம் அப்படியே இருக்க, மனம் மட்டும் படபடக்கும். முழுப் படைப்பிலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் இடங்களில் இது ஒன்று. சில நொடிகளில் மறுபடி வெளிச்சம் வந்துவிடுகிறது, ஆனால் அந்த நிழல் பகுதி முழுவதும் உடன் வரும்.

இதைத் தாளில் இப்படி எழுதலாம்: "வேகம் அதே. ஆதாரம் அதே. மேஜர் மைனராகிறது. தட்டு நடுவே விழுகிறது. கலக்கம்." கடைசிச் சொல்லுக்கு முன்னால் நான்கு காரணங்கள் இருக்கின்றன பாருங்கள். பாவத்தைக் குறிப்பது இப்படித்தான்.

முற்பாதி முடிந்து, திரும்ப வாசித்தும் முடிந்த பிறகு, ஆரம்ப வாக்கியம் மறுபடி வரும். ஆனால் எதிர்பாராத இடத்தில், சி மேஜரில். 1 கட்டைக்கு மாற்றிப் பாருங்கள். ஈ மேஜரில் நின்றுவிட்டுச் சி-க்கு வருவது பக்கத்து வீட்டுக்குப் போவதல்ல, தொலைவான தாவல். மெட்டு அதே, வேகம் அதே, மேஜர் என்பதும் அதே. ஆனாலும் நிறம் வேறாகத் தெரியும். அதன் பிறகு சிறிது நேரம் இசை எங்கும் நிற்காமல் கீ விட்டுக் கீ ஓடும், கிளாரினெட்டின் அந்த ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு தந்திக் கருவியும் மாறி மாறிப் பற்றிக்கொள்ளும். அப்போது செயலியோடு மல்லுக்கட்ட வேண்டாம். "நிலையில்லை" என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். ஆரம்ப வாக்கியம் மறுபடி 6 கட்டையில் வந்து உட்காரும்போது உங்களுக்கே தெரியும்.

லார்கெட்டோவுக்கு 2 கட்டை. டி மேஜர். வயலின்களில் ஒலியை அடக்கும் மியூட் மாட்டியிருப்பார்கள், ஒலி திரைக்குப் பின்னாலிருந்து வருவது போல மெத்தென்று இருக்கும். அதன் மேல் கிளாரினெட் நீண்ட மெட்டு ஒன்றைப் பாடும். பிற்பாடு முதல் வயலின் அதனோடு உரையாடச் சேர்ந்துகொள்ளும்.

கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வெறுமை தோன்றலாம். வளைவுகள் இல்லாமல் ஸ்வரங்கள் நேராக நிற்கின்றன. இந்த மரபில் கிளாரினெட் பாவத்தைக் காட்டுவது ஸ்தாயியாலும் ஒலியின் அளவாலும். கீழ் ஸ்தாயியில் அதன் குரல் கருமையாக, மரத்தின் அடியிலிருந்து வருவது போல இருக்கும். மேலே போனால் தெளிந்து ஒளிரும். இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே மொஸார்ட் தாவுகிற ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட்டு வாருங்கள். லார்கெட்டோ முடியும்போது பக்கம் நிறைந்திருக்கும்.

மெனுவெட்டோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடனம் ஏ மேஜர். நடுவே இரண்டு இடைப்பகுதிகள். முதலாவது ஏ மைனர், கிளாரினெட் வாய் திறக்காது, தந்திகள் மட்டும். இரண்டாவது மறுபடி ஏ மேஜர், ஆஸ்திரிய கிராமத்து நடனத்தின் அசைவோடு கிளாரினெட் முன்னுக்கு வரும். கீ, கருவி இரண்டும் சேர்ந்து மாறுவதால் கலங்கவும் தெளியவும் நேரமே ஆவதில்லை.

கடைசிப் பகுதி: ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல்

நான் இந்தப் படைப்பைப் பயிற்சிக்குத் தேர்ந்ததற்குக் காரணமே இந்தக் கடைசிப் பகுதிதான். உடனே முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டு ஒன்று வரும். அதன் பிறகு அதே மெட்டு உடை மாற்றி உடை மாற்றி வந்துகொண்டிருக்கும். இவற்றை வேரியேஷன் என்கிறார்கள். மெட்டின் எலும்புக்கூடு மாறாததால், எது மாறியது என்று பிரித்துக் கேட்பது எளிது.

முதல் வேரியேஷனில் தந்திகள் மெட்டைப் பிடித்துக்கொள்ள, கிளாரினெட் மேலே தாவித் தாவிப் புது வரி ஒன்றைப் போடும். வேகம், கீ இரண்டும் அதே. மாறியது குறும்பு மட்டும். இரண்டாவதில் உள்ளே மும்மூன்றாக ஓட்டம். மூன்றாவதில் ஏ மைனர் வருகிறது. இங்கே வியோலா புலம்பத் தொடங்கும். ஒவ்வொரு வாக்கியமும் பெருமூச்சு விட்டுத் தளரும். நான்காவதில் மறுபடி ஏ மேஜர், கிளாரினெட்டும் வயலினும் பொடி ஸ்வரங்களில் பறக்கும்.

மூன்றாவதில் விரலால் தட்டிப் பாருங்கள். வேகத்தைக் குறை என்று மொஸார்ட் அங்கே எழுதவில்லை. ஆனாலும் பல குழுக்கள் கொஞ்சம் தளர்த்தியே வாசிக்கின்றன. உங்கள் பதிவில் தட்டு மாறியதா, இல்லையா? மாறியிருந்தால் அந்தச் சோகத்தில் ஒரு பங்கு வாசித்தவர்கள் சேர்த்தது. மாறவில்லை என்றால் முழுவதும் கீயும் மெட்டும் செய்த வேலை. எனக்குத் தளர்த்தாமல் வாசிப்பதுதான் பிடிக்கிறது. நடை நிற்காமலே வியோலா அழுவதில் கூடுதல் வலி இருக்கிறது.

நான்காவது முடிந்ததும் இசை தயங்கி நின்று, அடாஜியோவுக்கு இறங்கும். மிக மெதுவான நடை. கீயைச் சோதியுங்கள். 6 கட்டை, மேஜர். மைனருக்குப் போகவில்லை. வேகம் மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

இப்போது நேர்மையாகச் சொல்லுங்கள், நெஞ்சை அதிகம் பிசைந்தது எது? மைனரில் புலம்பிய வியோலாவா, மேஜரில் மெதுவாக நடந்த இந்த அடாஜியோவா? எனக்கு இந்த அடாஜியோதான். மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்ற வாய்ப்பாட்டை எல்லா அறிமுக வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். இந்த இரண்டு நிமிடங்களைக் கேட்ட பிறகு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடாஜியோவின் உருக்கம் ஏ மேஜர் என்ற பெயரில் இல்லை. துள்ளிக் குதித்த மெட்டு திடீரென்று நடை தளர்ந்ததில் இருக்கிறது. இதையே தனியாக வெட்டி எடுத்துப் போட்டுக் கேட்டால் பாதி உருக்கம் போய்விடும், செய்து பாருங்கள். உடனே அலெக்ரோ வந்து எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு முடிவுக்கு ஓடும்.

பாவத்தை எழுதுவது

இப்போதுதான் மூன்றாவது கேள்வி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு சொல்லை ஒட்ட வேண்டாம். செயலிகள் "அமைதி", "உற்சாகம்" என்று ஒட்டுகிற சீட்டு ஒரு பகுதி முழுவதற்கும் பொருந்தாது என்பதை மேலே பார்த்தோம். பாவம் மாறுகிற நொடியைக் குறியுங்கள். அதற்குச் சற்று முன்னால் வேகம் மாறியதா, ஆதாரம் மாறியதா, காந்தாரம் இறங்கியதா, கருவி மாறியதா, ஸ்தாயி மாறியதா என்று பாருங்கள். பிறகு சொல்லைத் தேடுங்கள். மகிழ்ச்சி, சோகம் என்ற இரண்டோடு நிற்காமல் கனிவு, ஏக்கம், தயக்கம், நிறைவு, குறும்பு, கலக்கம், ஆறுதல் என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் எழுதிய சொல்லை அடுத்த நாள் மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள்.

இரண்டு ஆசைகளை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, கீக்கு ஒரு குணத்தை ஒட்டுவது. மொஸார்ட் காலத்து ஜெர்மன் கவிஞரும் இசைக்கலைஞருமான கிறிஸ்டியன் ஷூபார்ட் ஒவ்வொரு கீக்கும் குணம் எழுதி வைத்தார். ஏ மேஜருக்கு அவர் சொன்னவற்றில் கள்ளமற்ற காதல், தன் நிலையில் மனநிறைவு, பிரியும்போது அன்புக்குரியவரை மறுபடி காண்போம் என்ற நம்பிக்கை ஆகியவை உண்டு. இந்தப் படைப்புக்கு அது அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏ மேஜருக்கு இங்கே கண்ணுக்குத் தெரியும் காரணங்களும் உண்டு. ஷ்டாட்லரின் கருவி ஏ-யில் அமைந்தது. வயலினின் நான்கு திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஏ மேஜரில் டி, ஏ, ஈ தந்திகள் தாமாகவே சேர்ந்து அதிரும், ஒலி திறந்து பிரகாசிக்கும். முதலில் இவற்றைக் கேளுங்கள். குணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இரண்டாவது ஆசை, எழுதியவரின் வாழ்க்கையை இசையில் தேடுவது. 1789 மொஸார்ட்டுக்குக் கொடிய ஆண்டு. நண்பர் மிகாயேல் புக்பெர்குக்குக் கடன் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் படிக்கவே சங்கடமானவை. மனைவி கான்ஸ்டன்ட்ஸ் நோயில் படுத்திருந்தார். நவம்பர் 16-இல் பிறந்த பெண் குழந்தை அன்றே இறந்தது. இதைப் படித்துவிட்டு குவின்டெட்டைக் கேட்டால் எல்லா இடத்திலும் கண்ணீர் தெரியும். படிக்காமல் கேட்டால் படைப்பின் பெரும்பகுதி கனிவும் தெளிவும்தான். அவர் இசைக்குள் எதை வைத்தாரோ அதைக் காதால் கேட்டு எழுதுங்கள். வாழ்க்கை வரலாற்றைப் பிறகு படித்தால் அந்தக் கனிவின் மதிப்பு இன்னும் கூடும்.

அடுத்த பதிவு, அடுத்த படைப்பு

தாளை எடுத்துக்கொண்டு அதே படைப்பின் வேறொரு பதிவைப் போடுங்கள். கீ மாறும் இடங்கள் அப்படியே இருக்கும், அவை மொஸார்ட் எழுதியவை. வேகமும் தளர்வும் மாறியிருக்கும். எனவே பாவச் சொற்களில் எவை மாறுகின்றனவோ அவை வாசிப்பவர்களின் கொடை. ஈ மைனர் இடம், மூன்றாம் வேரியேஷன், அடாஜியோ ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டாலே ஒரு குழுவின் குணம் தெரிந்துவிடும்.

அது கைவந்ததும் பிராம்ஸின் கிளாரினெட் குவின்டெட்டுக்குப் போங்கள். 1891-இல் ரிச்சர்ட் முல்ஃபெல்ட் என்ற கிளாரினெட் கலைஞருக்காக எழுதியது, பி மைனர், அதே ஐந்து கருவிகள், அங்கேயும் கடைசிப் பகுதி வேரியேஷன்கள். தலைப்பில் பி மைனர் என்று இருப்பதை நம்பிச் சுருதிப்பெட்டியை உடனே 7 கட்டையில் வைத்துவிடாதீர்கள். முதல் சில நொடிகள் இரண்டு வயலின்கள் மட்டும் சுழன்று இறங்கும்போது அது டி மேஜர் என்றே காது சொல்லும். 2 கட்டையில் வைத்துத் தொடங்குங்கள், எந்த இடத்தில் 7-க்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்று நொடியைக் குறியுங்கள். கடைசிப் பகுதியின் முடிவில் அந்த ஆரம்ப மெட்டு திரும்பி வரும். அப்போது அது எந்தக் கட்டையில் ஒட்டுகிறது என்று மறுபடி சோதித்து, இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.